பெரியவர் போட்ட ஜோடி

முகூர்த்த நாளில் அம்புஜத்தைப் பார்க்க வேண்டுமென்றால் எந்தக் கல்யாணச் சத்திரத்துக்கும் போகக் கூடாது. லிங்கராஜபுரத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிர்ச் சந்தில் மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத் ஒன்று இருந்தது. அங்கேதான் போக வேண்டும். பெங்களூரில் நடக்கிற கல்யாணங்களில் பாதிக்கு மேளம் அனுப்புகிறவள் அவள். பாதி என்றால் சண்டைக்கு வராதீர்கள், கால்வாசி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அத்தனை கல்யாணத்துக்கு மேளம் அனுப்பியும் பந்தியில் உட்கார்ந்து ஒரு கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டு அவளுக்கு வருஷக்கணக்காகிவிட்டது. ஊரே பட்டுப்புடவை சரசரக்க நடக்கிற காலை நேரத்தில் அவள் நூல் புடவையோடு டெலிபோனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

பிறந்து வளர்ந்ததெல்லாம் சிவாஜிநகர். அப்பா ஜவுளிக்கடையில் துணி எடுத்துப் போடுகிறவர். அந்தத் தெருவில் வளர்ந்த குழந்தைக்குத் தமிழும் கன்னடமும் தக்னி உருதுவும் யாரும் சொல்லித்தராமலே வாயில் வந்து உட்கார்ந்துவிடும். எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு நாயனக்காரர் சாமிநாதனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சாமிநாதன் நாயனம், தம்பி எத்திராஜ் தவில். அண்ணன் தம்பி செட் என்றால் அந்தக் காலத்தில் ஒரு மதிப்பு. சாமிநாதன் ஒரு ராகத்தை எடுத்து எங்கே கொண்டுபோய் விடப்போகிறார் என்பது அவருக்குத் தெரிவதற்கு முன்னால் எத்திராஜுக்குத் தெரிந்துவிடும் என்பார்கள். அம்புஜத்துக்கு ராகத்தின் பெயரெல்லாம் பாதிதான் தெரியும். ஆனால் இரண்டு பேரும் வீட்டுக் கூடத்தில் சாதகம் பண்ணும்போது அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அவளுக்கு எழுந்து போக மனசு வராது.

அந்தச் செட் உடைந்தது ஒரு வீடியோக்காரனால். தொண்ணூற்றொன்றாம் வருஷம் கல்யாணத்துக்குக் கல்யாணம் வீடியோ வந்துகொண்டிருந்த நேரம். மணவறையில் புரோகிதர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை கையில் தாலி இன்னும் வரவில்லை. வீடியோக்காரன் லைட் பிடிக்கிற ஆளைப் பார்த்து, கொஞ்சம் மேலே தூக்கு என்று கையை வேகமாக ஆட்டினான். புரோகிதருக்குப் பக்கத்தில் ஒரு கை ஆடினால் தவில்காரனுக்கு அர்த்தம் ஒன்றுதான். எத்திராஜ் கெட்டிமேளத்தைக் கொட்டிவிட்டான். சனம் அட்சதையை வீசிவிட்டது. புரோகிதர் "நிறுத்து, நிறுத்து" என்று அலறுகிறார். பெண்ணின் அம்மா அபசகுனம் என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

சாமிநாதனுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். நாயனத்தை வாயிலிருந்து எடுத்து அத்தனை பேர் நடுவில் தம்பியைப் பார்த்துக் கத்தினார்.

"கண்ணு இன்னா பொடனியிலயா கீது ஒனுக்கு? தவிலு வாசிக்க வந்தியா, படத்துல மூஞ்சி காட்ட வந்தியா?"

எத்திராஜ் தவில் வாரைத் தோளிலிருந்து கழற்றினான். தவிலைத் தரையில் வைத்துத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். செருப்பைக்கூடத் தேடாமல் சத்திரத்தை விட்டு வெளியே போய்விட்டான். அந்த வாரமே பெண்டாட்டி லட்சுமம்மாவை அழைத்துக்கொண்டு அவள் ஊரான ஆனேக்கலுக்குக் குடிபோனான். அண்ணனும் தம்பியும் அதற்கப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டு பேரும் வேறு வேறு ஆட்களோடு வாசித்தார்கள். வாசிப்பில் குறையில்லை, ஆனால் அந்தச் செட் இல்லை. சாமிநாதனுக்கு வேலை குறைந்தது. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே என்று அம்புஜம் தன் நகையை வைத்து அந்த எஸ்.டி.டி. பூத்தை எடுத்தாள். எடுத்த பிறகுதான் ஒரு வேடிக்கை நடந்தது. ஊரில் எந்த வாத்தியக்காரர் வீட்டிலும் போன் கிடையாது. "ஏதாச்சும் தகவல்னா எங்க அம்புஜம் அக்கா பூத்துக்குப் போட்டுச் சொல்லுங்க" என்று ஒவ்வொருவரும் பார்ட்டிகளிடம் அந்த நம்பரைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். கோலார் நாயனக்காரர், சிவாஜிநகர் தவில்காரர், சுருதிக்கு ஒத்து ஊதுகிறவர், தாளம் போடுகிறவர் என்று எல்லாருக்கும் ஒரே நம்பர். மேளம் கேட்டு வந்தவர்கள், "அவர் இல்லேன்னா வேற யாராவது இருக்காங்களாம்மா?" என்று அவளையே கேட்டார்கள். இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். இப்படித்தான் அவள் மேளம் அனுப்புகிறவள் ஆனாள். எத்திராஜும் போன் பண்ணுவான். "அண்ணி, எனக்கு ஏதானா சேதி வந்துச்சா?" என்பான். அண்ணனைப் பற்றி ஒரு சொல் கேட்க மாட்டான். அவளும் ஒரு சொல் சொல்ல மாட்டாள். சொல்லத் துடிக்கும், நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

கூட்டம் பெருகப் பெருகத் தலையில் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியவில்லை. செட் தலைவர்களுக்குப் பேஜர் வாங்கிக் கொடுத்தாள். இடுப்பில் அது கீச்சென்று கத்தினால் சத்திரத்தில் சாப்பிடுகிறவர்கள் தவளை வந்துவிட்டது என்று காலைத் தூக்கிக்கொண்டார்களாம். பேஜரும் போதவில்லை. தொண்ணூற்றெட்டில், பேக்கரிக்கு மேல்மாடியில் கம்ப்யூட்டர் சொல்லித் தருகிற இடத்தில் போய்ச் சேர்ந்தாள். காலேஜ் பிள்ளைகளுக்கு நடுவில், கையில் காய்கறிப் பையோடு அவள் ஒருத்தி. வாத்தியார் பள்ளிக்கூட மார்க் பட்டியல் போடச் சொன்னார். எல்லாரும் கணக்கு, அறிவியல் என்று போட்டார்கள். அம்புஜம் இடது பக்கம் வாத்தியக்காரர்கள் பெயரை வரிசையாக இறக்கினாள், மேலே ஆவணி மாசத்து முகூர்த்த நாட்களைப் போட்டாள், யார் எந்தக் கல்யாணத்தில் என்று கட்டங்களை நிரப்பினாள்.

நிரப்பிவிட்டுப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாசம் முழுவதும் ஒரே கம்ப்யூட்டர் கண்ணாடியில் தெரிந்தது! பெங்களூரின் அத்தனை சத்திரத்திலும் அந்த ஆவணியில் கொட்டப்போகிற அத்தனை மேளமும், சத்தமில்லாமல், கட்டம் கட்டமாக அவள் முன்னால் நின்றது. எவன் எந்த நாளில் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று வெள்ளை வெளேரென்று தெரிந்தது. இதுவரை யார் கண்ணுக்கும் இப்படி மொத்தமாகத் தெரிந்திருக்காது, சாமிக்குத்தான் தெரிந்திருக்கும் என்று நினைத்தாள். அவளுக்கு மயிர்க்கூச்செடுத்தது. கூடவே இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒரு வரியில் சாமிநாதன், நாலு வரி தள்ளி எத்திராஜ். ஒரே நாள், ஒரே முகூர்த்தம், ஊரின் இரண்டு மூலை. எந்தக் கட்டத்திலும் இரண்டு பெயரும் சேர்ந்து வரவில்லை. வகுப்பு முடிந்து வாத்தியார் சுவிட்சை அணைக்கிற வரைக்கும் அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எலக்ட்ரானிக் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் உதிரி பாகங்களாக ஒரு கம்ப்யூட்டரைப் பூட்டி வாங்கி, பிரிண்டரோடு பூத்தில் கொண்டுவந்து வைத்தாள். சாமிநாதன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது இன்னா ராகம் பாடும்?" என்றார். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அவரே அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கதம்பம் சாத்தினார்.

நாயனக்காரர்கள் விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாணம் பண்ணிக்கொள்கிறவர்களைவிட வாசிக்க வருகிறவர்களுக்குத்தான் மானம் அதிகம். ஒரு செட்டில் இரண்டு நாயனம் என்றால் யார் முதல், யார் இரண்டாவது என்பதில் ரத்தக்களரி ஆகும். யாரை யாரோடு போடுவது என்பதுதான் அம்புஜத்துக்கு உயிர் போகிற வேலை. ஒருநாள் கோலார் முனிரத்தினம் புயலாக வந்து நின்றார்.

"ஏம்மா, நான் முப்பது வருசமா வாசிக்கிறேன். நேத்து வந்த பையனுக்கு என்னை ரெண்டாவது நாயனமா போட்டுக்கீறியே, இது அடுக்குமா? அவன் ஒனுக்குச் சொந்தமா?"

அம்புஜத்துக்குக் காலையிலிருந்து தலைவலி. வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"நான் போடலீங்க. கம்ப்யூட்டர் போட்டுது."

முனிரத்தினம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அது குங்குமப் பொட்டோடு அவரைப் பார்த்தது. அதே நேரத்தில் பிரிண்டர் வேறு கர்ர் கர்ரென்று தாளைத் துப்பியது. அவர் முகத்திலிருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ! தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"அப்படீங்களா... அது போட்டா சரிதான். அதுக்கு வேண்டியவன் வேண்டாதவன் இல்ல பாரு" என்று சொல்லிவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டுப் போயே போய்விட்டார்.

மனுஷி பண்ணினால் பாரபட்சம், மெஷின் பண்ணினால் நியாயம்! அதற்குச் சாதி கிடையாது, சொந்தக்காரன் கிடையாது, முகம் கிடையாது. அன்றிலிருந்து யார் சண்டைக்கு வந்தாலும் அதே பதில்தான். ஒரே வருஷத்தில் கம்ப்யூட்டருக்குப் 'பெரியவர்' என்று பெயர் வந்துவிட்டது. "அக்கா, தை மாசத்துக்குப் பெரியவர் என்ன சொல்றாரு?" என்று கேட்டுக்கொண்டே படியேறுவார்கள். செருப்பை வெளியே விடுவார்கள். சண்டை நின்றதும் தொழில் தானாக வளர்ந்தது. ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காத ஆட்களெல்லாம் பெரியவர் சொன்னார் என்று சேர்ந்து உட்கார்ந்து வாசித்தார்கள். மூன்று நான்கு செட்டாக இருந்தது பதினேழு செட் ஆயிற்று. ஐ.டி. வேலைக்கு வந்து குடியேறிய பிள்ளைகள் மெயிலிலேயே மேளம் கேட்டார்கள். அவளுக்கென்று ஒரு வெப்சைட்டுகூட வந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் நாயனம் கேட்கும்.

உண்மை என்ன என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். பெரியவர் ஒரு ஜோடியையும் போட்டதில்லை. அவள் என்ன தட்டினாளோ அதைத்தான் அவர் காட்டினார். சில சமயம் இதை நினைத்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். பல சமயம் பயம் பிடிக்கும். என்றைக்காவது தெரிந்துபோனால், அப்போ என்னை இரண்டாவதாகப் போட்டது நீதானா என்று பதினேழு செட்டும் பூத் வாசலில் வந்து நிற்கும். அத்தோடு எல்லாம் போச்சு.

அதனால்தான் மனசில் இருந்த அந்த ஒரு கட்டத்தை அவள் தொடாமலே இருந்தாள். கை பரபரக்கும். எத்திராஜ் பெயருக்கு நேரே போய் நிற்கும். திரும்பிவிடும்.

இரண்டாயிரத்து மூன்றில் மல்லேஸ்வரத்திலிருந்து அதிதி என்ற பெண்ணிடமிருந்து மெயில் வந்தது. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். அப்பா சீனிவாசராகவன், சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ரிட்டையர் ஆனவர்.

"ஆன்ட்டி, கல்யாணம் எனக்கு, ஆனா பிடிவாதம் எல்லாம் எங்க அப்பாவுக்கு. ரொம்ப வருஷம் முன்னாடி ஏதோ கோயில் உற்சவத்துல சாமிநாதன், எத்திராஜ்னு அண்ணன் தம்பி வாசிச்சதைக் கேட்டாராம். விடிய விடிய நின்னுண்டே கேட்டாராம். அவா மேளம் இருந்தாத்தான் கன்யாதானம் பண்ணுவேங்கறார். அந்தச் செட் இன்னும் இருக்கா?"

அம்புஜம் அந்தக் கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இல்லை என்று எழுதினால் முடிந்துவிடும். நல்ல நாயனம் வேறு எத்தனையோ இருக்கிறது. இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தாள். ஆனால் விரல் வேறொன்றைத் தட்டியது. 'இருக்கு' என்று தட்டியது. அனுப்பு என்பதையும் அமுக்கிவிட்டது.

அமுக்கின பிறகுதான் செய்தது உறைத்தது. கடிதாசி என்றால் போஸ்ட்மேனைப் பிடித்துக் கெஞ்சித் திரும்ப வாங்கலாம். போன் என்றால், தப்பாகச் சொல்லிட்டேன் என்று மறுபடி கூப்பிடலாம். இது போயே போச்சு. ஐந்து நிமிஷத்தில் அதிதியிடமிருந்து பதில் வந்துவிட்டது. "அப்பா அழறார் ஆன்ட்டி!"

ஐயோ, நான் என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று தலையில் கைவைத்துக்கொண்டாள். மணவறையில் இரண்டு பேரும் மறுபடி முட்டிக்கொண்டால் அந்தப் பெண்ணின் கல்யாணம் என்னாவது? முட்டிக்கொள்ளாமல் ஒருவர் வராமலே போய்விட்டால்? இத்தனை வருஷம் நடந்துவந்த பெரியவர் விளையாட்டும் சந்திக்கு வந்துவிடும். எல்லாவற்றையும்விட, இந்தத் தடவை உடைந்தால் அந்த இரண்டு பேரும் இந்த ஜென்மத்தில் சேர மாட்டார்கள். அந்த நினைப்புத்தான் அவளை உலுக்கியது.

கட்டத்தில் இரண்டு பெயரையும் தட்டினாள். பிரிண்டர் கர்ர் கர்ரென்றது. தாளைக் கிழித்துக்கொண்டுபோய்ச் சாமிநாதனிடம் நீட்டினாள்.

சாமிநாதன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படித்த இடத்திலேயே பார்வை நின்றது.

"பெரியவர் போட்டாரா?"

"ஆமாங்க."

"அவருக்கு அண்ணன் தம்பி சமாசாரமெல்லாம் தெரியாதா?"

"அவருக்கு எப்படீங்க தெரியும்? யாரு சும்மா இருக்காங்கன்னுதான் பாப்பாரு."

"மாத்த முடியாதா?"

"ஒண்ணை மாத்துனா அன்னிக்கு எல்லாச் செட்டும் கலைஞ்சிடும்" என்று கூசாமல் ஒரு பொய் சொன்னாள்.

அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து அவள் எட்டிப் பார்த்தபோது, சீவாளிப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு சீவாளியாக உதட்டில் வைத்து ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாயனத்தின் வாயில் வைத்து ஊதுகிற அந்த நாணல் துண்டு சரியாக அமையாவிட்டால் எவ்வளவு பெரிய வித்வானும் மண்ணைக் கவ்வ வேண்டியதுதான். சாதாரணக் கல்யாணத்துக்கு அவர் இரண்டு சீவாளிதான் எடுத்துவைப்பார். அன்றைக்குப் பெட்டியையே தலைகீழாகக் கொட்டிவைத்திருந்தார்.

ஆனேக்கலுக்குப் போன் போட்டாள். எத்திராஜிடம் விஷயத்தைச் சொன்னாள். பின்னால் லட்சுமம்மா, "ஏனாய்த்து, ஏனாய்த்து?" என்று, என்ன ஆச்சு என்பதைக் கன்னடத்தில் கேட்பது காதில் விழுந்தது.

"அண்ணி, மெஷினு தப்புப் பண்ணாதா?"

"பண்ணாதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க தம்பி."

"மறுபடியும் நாலு பேரு நடுவுல என்னை ஏதானா சொன்னா?"

அம்புஜம் ரிசீவரை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சரி, மெஷினே போட்டுடுச்சி. நாம இன்னா பண்றது?" என்று பெருமூச்சு விட்டான். "எத்தினி மணிக்கி வரணும் அண்ணி?"

கல்யாணத்தன்று காலை அவள் போகவில்லை. போக முடியாது. மற்றப் பதினாறு செட்டும் ஊர் முழுக்கச் சிதறிக் கிடந்தது. பேஜரெல்லாம் போய் அப்போது எல்லார் கையிலும் செல்போன் வந்திருந்தது. சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு மிஸ்டு கால், தாலி கட்டி முடிந்தால் இன்னொரு மிஸ்டு கால். பூத்தில் ஒரு போன் டிரிங் டிரிங்கென்று அடித்து அடித்து நின்றுகொண்டிருக்கும். ஒவ்வொரு செட்டின் இரண்டாவது கால் நிற்கும்போதும் எங்கோ ஒரு பெண் சுமங்கலி ஆகியிருப்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அம்புஜம் தாலியைத் தொட்டுக் கும்பிடுவாள்.

இன்னொரு போனிலிருந்து மல்லேஸ்வரத்துச் சத்திரத்தில் தாளம் போடுகிற ரகுவின் செல்லுக்கு அடித்தாள். "எடுத்து மடியில வெச்சிக்கோ ரகு. கட் பண்ணிடாத" என்றாள். பூத்தில் அன்னம்மாள் நின்றிருந்தாள். பக்கத்துத் தெரு, மாதா கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிறவள், மகளுக்குப் போன் பண்ண வந்திருந்தாள். "இன்னா அம்புஜம், மூஞ்சியில ஈயாடல?" என்று கேட்டாள். அம்புஜம் ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கினாள்.

முதலில் சனக் கூச்சல், குழந்தை அழுகை, நாற்காலி இழுக்கிற சத்தம். அப்புறம் நாயனம். அவள் வீட்டு நாயனம்தான், ஆயிரம் நாயனத்தில் அடையாளம் தெரியும். பின்னால் தவில் ஒட்டாமல், பிறத்தியார் வீட்டுக்கு வந்தவன் போல, வந்ததற்கு வாசித்தேன் என்று தட்டிக்கொண்டிருந்தது. அம்புஜம், போச்சு, எல்லாம் போச்சு என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

மாலை மாற்றுகிற நேரம் வந்திருக்க வேண்டும். பெண்டுகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. சாமிநாதன் மேலே ஒரு சுரத்தைப் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. ஒரே சுரம், மெல்லிசாக, அசையாமல் நின்றது. கூட்டத்தின் இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. குழந்தைகூட அழுகையை நிறுத்திவிட்டது. தவில் நின்றுவிட்டது. அம்புஜம் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மனுஷனுக்கு இவ்வளவு மூச்சு ஏது? இந்த வயதில் எங்கிருந்து வருகிறது? இன்னும் நின்றது. அந்தச் சுரம் முடிகிற இடத்தில், முடிந்ததா முடியவில்லையா என்று காது திகைக்கிற இடத்தில், தவில் ஒரே ஒரு அடி அடித்தது.

ஒரே அடிதான். சாமிநாதன் மறுபடி ஒரு சுரம் பிடித்தார், இந்தத் தடவை அளவை மாற்றி. மறுபடி அது முடிகிற இடத்தில் அந்த ஒற்றை அடி. மூன்றாவது தடவை நாயனம் வேண்டுமென்றே பாதியில் சட்டென்று நிறுத்தியது. தவிலும் அந்தப் பாதியிலேயே, அந்த மயிரிழையிலேயே விழுந்தது. எப்படித் தெரிந்தது அவனுக்கு? அதற்கப்புறம் இரண்டும் பிய்த்துக்கொண்டு கிளம்பின. ஒன்று கேட்க ஒன்று சொல்லியது, ஒன்று கோபிக்க ஒன்று சிரித்தது. பன்னிரண்டு வருஷத்துப் பேச்சையெல்லாம் மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவதுபோல் அந்தச் சின்னப் பெட்டி வழியாகக் கொட்டின. பூத்துக்கு வெளியே சைக்கிளில் போனவன் காலை ஊன்றி நின்றான். போன் பேச வந்தவர்கள் வாசலில் நின்றார்கள். பக்கத்துப் போன் மிஸ்டு கால் மிஸ்டு காலாக அடித்துக்கொண்டிருந்தது, அதைக் கவனிக்க ஆளில்லை.

நாயனம் ஆனந்தபைரவிக்கு இறங்கியது. தாலி எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அம்புஜம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இங்கேதான், இந்த இடத்தில்தான் அன்றைக்கு எல்லாம் போனது. புரோகிதரின் குரல் "கெட்டி" என்று எழும்பியது. மேளம் என்கிற மீதிச் சொல் வெளியே வரவில்லை. வானம் இடிந்து விழுந்த மாதிரி ஒரு முழக்கம். ஸ்பீக்கர் தாங்காமல் கரகரவென்று அதிர்ந்தது. மேஜையிலிருந்த சில்லறை குதித்தது. அம்புஜம் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

அன்னம்மாள் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஏசப்பா! இது மனுசங்க வாசிக்கிறதா?" என்றாள். அவள் கண்ணிலும் தண்ணீர்.

சத்தம் ஓய்ந்ததும் ரகு போனை எடுத்தான். "அக்கா, கேட்டீங்களா?"

"பேசிக்கினாங்களாடா?"

"இல்லக்கா. ஒரு வார்த்தை இல்ல. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கல. அவரு அந்தாண்ட பாத்துக்கினு வாசிச்சாரு, இவரு குனிஞ்ச தலை நிமிரல. ஆனா அக்கா, எனக்கு தாளம் போடக் கை வரல. பொண்ணோட அப்பா, அந்தப் பெரிய ஐயங்காரு, ரெண்டு பேரு காலாண்டயும் வந்து சாஷ்டாங்கமா விழுந்துட்டாரு."

சாயந்திரம் சாமிநாதன் வீட்டுக்கு வந்தார். நாயனத்தைத் துடைத்து உறையில் போட்டார், சாப்பிட்டார், படுத்தார். கல்யாணம் எப்படி என்று கேட்டதற்கு, "சாம்பார்ல உப்பு கம்மி" என்றார். எத்திராஜும் போன் பண்ணினான். வழக்கம்போல் அண்ணனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அண்ணி, அடுத்த முகூர்த்தத்துக்குப் பெரியவர் யாரைப் போட்டாலும் சரி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். போடறதைப் போடட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அம்புஜத்துக்குத் தலைகால் புரியவில்லை. சேர்ந்தார்களா, சேரவில்லையா? இன்னொரு தடவை போடலாமா? ஒருமுறை கம்ப்யூட்டர் தலையில் கட்டியாயிற்று, இரண்டாம் முறை கட்டினால் நம்புவார்களா? தை மாசத்துக் கட்டம் முழுவதையும் நிரப்பிவிட்டாள். அந்த இரண்டு பெயருக்கு நேரே மட்டும் நிரப்பத் தைரியம் வரவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். அன்றைக்கு லிங்கராஜபுரம் முழுவதும் கரண்ட் இல்லை. அம்புஜம் பூத்தில் ஒரு தாளால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாமிநாதன் கையில் காபி டம்ளரோடு வந்தார். வழக்கமாகப் பூத்துக்குள் வந்து உட்காருகிற ஆள் இல்லை. அன்றைக்கு ஸ்டூலை இழுத்துக் கம்ப்யூட்டருக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். இருண்டு கிடந்த கண்ணாடியை உற்றுப் பார்த்தார்.

"தையில மொத முகூர்த்தத்துக்குப் பெரியவர் என்ன போட்டுக்கீறாரு?" என்றார்.

"கரண்ட் இல்லீங்களே."

அவர் அவள் பக்கம் திரும்பவில்லை. கண்ணாடியைப் பார்த்தபடியே காபியை ஒரு வாய் குடித்தார்.

"அது எனக்குத் தெரியும். நீ பாத்துச் சொல்லு."

அம்புஜத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரைப் பார்த்தாள். அவர் முகத்தில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. இந்த மனுஷனுக்கு எப்போதிருந்து தெரியும்? தாளை நீட்டிய அன்றைக்கேவா? அதற்கும் முன்னாலேயா? தெரிந்துகொண்டேதானா அத்தனை சீவாளியையும் கொட்டிவைத்து ஊதிப் பார்த்தார்?

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எழுந்து வந்து, ஒன்றுமே தெரியாத அந்தக் கறுப்புக் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பதுபோல் படித்தாள்.

"நாயனம், சாமிநாதன். தவில், எத்திராஜ்."

"ஆங்" என்று தலையை ஆட்டினார் சாமிநாதன். "அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஆனேக்கலுக்குப் போன் போட்டு அவங்கிட்டயும் சொல்லிடு."